எனக்கு ஒரு அண்ணா உண்டு

எனக்கு ஒரு அண்ணா உண்டு என்பதை அமெரிக்க அரசாங்கம் நம்ப மறுத்தது. 1987ஆம் ஆண்டு, மரங்கள் இலை கொட்டுகிற காலத்தில் வந்த கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. நான் பொய் சொல்லியிருக்கிறேனாம். அதனால் எனக்கு அடைக்கலம் மறுக்க எண்ணியிருக்கிறார்களாம். அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாளும் சோறு இறங்கவில்லை. ஜெபிக்கவும் வாய் வரவில்லை. ஜெபத்தில் வளர்ந்த பிள்ளை, ஆண்டவரோடு கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.

பிரியமானவர்களே, இந்தக் கதையை நம் வீட்டு ஜெபக் கூட்டங்களில் துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறீர்கள். சிலர் அழுதீர்கள், சிலர் சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தீர்கள். முழுதாக எழுதித் தரும்படி போதகர் கேட்டு இரண்டு ஈஸ்டர் போய்விட்டது. இப்போது முழங்கால் வலியில் வீட்டோடு இருக்கிறேன், இனிச் சாக்குச் சொல்ல வழியில்லை. கர்த்தர் செய்த நன்மையை மூடி வைத்திருந்தால் அதற்கும் ஒரு நாள் கணக்குக் கேட்பார். ஆகவே எழுதுகிறேன்.

என் சொந்த இடம் யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்ப் பக்கம். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, அடுத்த வீட்டில் இருந்தார். அவருடைய மகன்தான் சீலன் அண்ணா. என்னைவிட ஆறு வயது மூத்தவர். எனக்குச் சைக்கிள் பழக்கியவர், கணக்குச் சொல்லித் தந்தவர், கணக்குப் பிழைத்தால் தலையில் குட்டியவர். அவரை ஒருநாளும் நாங்கள் ‘பெரியம்மாவின் மகன்’ என்று சொன்னதில்லை. அண்ணா என்றால் அண்ணா. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படும் என்று எங்களில் யாரும் கனவிலும் நினைக்கவில்லை.

1985இல் ஒரு காலை, அண்ணா என்னைச் சைக்கிளில் ஏற்றி பஸ் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோனார். வழியில் ஒரு ராணுவ ஜீப் வந்து குறுக்கே நின்றது. அவரை இறக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னை ஒன்றும் செய்யவில்லை. ‘வீட்டை போ, ராணி’ என்று அண்ணா சொன்னார். அதுதான் அவர் குரலை நான் கடைசியாகக் கேட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அதில் ஏறி ஓட்டவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு பெரியம்மாவும் நானும் ஏறாத வாசல் இல்லை. எங்கே போனாலும் ஒரே பதில். அப்படி ஒருவரையும் நாங்கள் பிடிக்கவில்லை. அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை. ஓரிடத்தில் நான் பொறுக்கமாட்டாமல், ‘நான் பார்த்தனான், நான் பின்னால இருந்தனான்’ என்று சத்தம் போட்டேன். அங்கிருந்தவர் என் பெயரையும் விலாசத்தையும் மிகவும் மரியாதையாக எழுதிக்கொண்டார். அந்தக் கிழமை முடிவதற்குள்ளேயே இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்து என்னைத் தேடினார்கள். நான் அப்போது சித்தி வீட்டில் நின்றதால் தப்பினேன். அதற்குப் பிறகு அம்மா ஒன்றும் யோசிக்கவில்லை. நியூ ஜெர்சியில் ஒரு சின்னக் கல்லூரியில் எனக்கு ஏற்கெனவே இடம் கிடைத்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, 1986ஆம் ஆண்டு பனிக்காலத்தில், ஒரு பருத்திச் சேலையும் மெல்லிய ஸ்வெட்டருமாக வந்து இறங்கினேன். விமான நிலையக் கதவு திறந்ததும் அடித்த குளிரில் ‘ஐயோ அம்மா’ என்று நான் கத்தியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

நியூ பிரன்ஸ்விக்கில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் வசந்தி அக்காவோடு தங்கினேன். அவரும் நம் ஊர்தான், எனக்கு முன்னமே வந்தவர். இலவசமாகச் சட்ட உதவி செய்கிறார்கள் என்று சொல்லி, ஒரு வெள்ளைக்காரர் தேவாலயத்தின் நிலக்கீழ் அறைக்கு என்னைக் கூட்டிப்போனவரும் அவர்தான். அங்கேதான் லிண்டாவைச் சந்தித்தேன். வேலை முடிந்து வந்து, அகதிகளுக்காகச் சும்மா உழைக்கிற வழக்கறிஞர். கண்ணாடியை எப்போதும் தலைமேல் வைத்துவிட்டு அறை முழுக்கத் தேடுவார்.

லிண்டா என்னை உட்கார வைத்துச் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. அடைக்கலம் கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற வரைக்கும் உன்னைத் திருப்பி அனுப்ப முடியாது, அது உன் உரிமை. வேலை செய்ய அனுமதி கேட்கலாம், அது கிடைத்தால் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். உன் பக்கத்துக்குப் பேச ஒருவரை வைத்துக்கொள்ளலாம். மறுக்கப் போகிறார்கள் என்றால் ஏன் என்று அவர்கள் சொல்லவேண்டும், அதற்கு நீ பதில் சொல்லலாம். சரி, இதெல்லாம் அவர்கள் உனக்குச் செய்யவேண்டியது. நீ செய்யவேண்டியது என்ன? வீடு மாறினால் உடனே அறிவிக்க வேண்டும். கூப்பிட்ட நாளில் போய் நிற்க வேண்டும். நாட்டைவிட்டு வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது, வைத்தால் விண்ணப்பத்தை நீயே கைவிட்ட மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலே, உண்மையை மட்டும் சொல்ல வேண்டும்.

உரிமை என்ற சொல்லை அதுவரை நான் மேடைகளில்தான் கேட்டிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவர், உனக்கு இது உண்டு, இது உண்டு என்று எனக்கு எடுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. வாசலுக்கு வாசல் துரத்தப்பட்டு வந்தவள் நான். எனக்கு அழுகை வந்துவிட்டது. லிண்டா பயந்துபோய் டிஷ்யூப் பெட்டியை நீட்டினார்.

நம் ஜெபக் கூட்டத்துக்கு நான் வந்து சேர்ந்ததும் அந்த வருடம்தான். டோனட் கடையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. ஒருநாள் கடைக்கு வந்த ஒரு அம்மா, என் கழுத்துச் சிலுவையைப் பார்த்து, ‘நீ தமிழாம்மா?’ என்று கேட்டார். அவர்தான் எஸ்தர் ஆன்ட்டி. பாளையங்கோட்டைக்காரர், மருத்துவமனையில் நர்ஸ். கணவர் சாமுவேல் அங்கிள் எஞ்சினியர். பிரிட்ஜ்வாட்டரில் அவர்கள் வீட்டு பேஸ்மென்டில்தான் சனிக்கிழமை மாலைக் கூட்டம். என்னிடம் கார் இல்லை என்பதால் அங்கிள் தன் நீலநிற ஸ்டேஷன் வேகனில் ஒவ்வொரு சனிக்கிழமையும் அரைமணி நேரம் ஓட்டி வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அந்த நாட்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. பழுப்பு மரப்பலகைச் சுவர், மிதித்தால் கால் புதைகிற கம்பளம், மூலையில் முணுமுணுக்கிற ஹீட்டர். ஆர்மோனியம் கிடையாது, அங்கிளின் டேப் ரெக்கார்டர்தான். ஆளுக்கொரு ஊர்ச் சுருதியில் பாடுவோம். மதுரைக்காரர் ஒரு பக்கம் இழுப்பார், நாகர்கோவில்காரர் ஒரு பக்கம் இழுப்பார், நான் யாழ்ப்பாணத்து ராகத்தில் தனியே போவேன். பிறகு சாப்பாடு. தேங்காய் கிடைக்காத காலத்தில், பாக்கெட்டில் வருகிற இனிப்புத் தேங்காய்த் துருவலைத் தண்ணீரில் அலசி அலசி இனிப்பைப் போக்கி, நான் சம்பல் இடித்தேன். ‘ராணி, இது சட்னியா ஜாமா?’ என்று அங்கிள் கேட்டார். ஆனாலும் தட்டில் மிச்சம் வைக்கவில்லை. இன்றைக்கு எடிசனில் கடைக்குக் கடை தேங்காய் குவிந்து கிடக்கிறது. அந்த ருசிதான் எங்கும் இல்லை.

1987 வசந்தத்தில் என்னை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க ஆளை நாமே கூட்டிப்போக வேண்டும். வேறு யாரைக் கேட்பேன்? எஸ்தர் ஆன்ட்டி லீவு போட்டுவிட்டு, பட்டுச்சேலை கட்டி, மேலே பெரிய கோட்டும் போட்டுக்கொண்டு வந்தார். போகும் வழியெல்லாம் ஜெபித்தோம். நரைத்த மீசையுள்ள ஓர் அதிகாரி. கடுமையும் இல்லை, சிரிப்பும் இல்லை. முதலில் ஆன்ட்டியிடம் சத்தியம் வாங்கிவிட்டு, விண்ணப்பதாரிக்கு நீங்கள் உறவா என்று கேட்டார். இல்லை என்று ஆன்ட்டி சொன்னார்.

அதன் பிறகு இரண்டு மணி நேரம் கேள்வி. நடுவில் ஒன்று விளங்காமல், ‘ஆன்ட்டி, அவர் என்ன கேட்கிறார் எண்டு விளங்கேல்லை’ என்றேன். அதிகாரி தலையை நிமிர்த்தி எங்கள் இருவரையும் பார்த்தார். ஏதோ எழுதினார். பிறகு ஜீப் வந்த காலையைச் சொன்னேன். ‘என்ர அண்ணாவைக் கொண்டுபோனவை’ என்றேன். ஆன்ட்டி அதை ஆங்கிலத்தில், என் சகோதரனைக் கொண்டுபோனார்கள் என்றார். அண்ணாவின் முழுப்பெயரைக் கேட்டார், சொன்னேன். மறுபடியும் எழுதினார். அவ்வளவுதான். வெளியே வந்ததும் ஆன்ட்டி என்னைக் கட்டிப்பிடித்து, ‘கர்த்தர் கூடவே இருந்தாரு புள்ள, ஒரு வார்த்தை தடங்கல் இல்ல பாத்தியா’ என்றார். போகிற வழியில் பீட்சா வாங்கித் தந்தார். நான் வாழ்க்கையில் சாப்பிட்ட முதல் பீட்சா. இரண்டு பேரும் தேறிவிட்ட பிள்ளைகள் போல இருந்தோம்.

பிறகுதான் நான் முதலில் சொன்ன கடிதம் வந்தது. லிண்டா அதை எங்களுக்கு மெதுவாக வாசித்தார். கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று விண்ணப்பத்தில் எழுதியவர், நேரில் அண்ணன் இருப்பதாகச் சொல்கிறார். அந்த அண்ணன் என்பவருடைய குடும்பப் பெயரும் விண்ணப்பதாரியின் குடும்பப் பெயரும் வேறு. உறவில்லை என்று சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளரை விண்ணப்பதாரி அத்தை என்று அழைக்கிறார். இப்படிப்பட்டவர் சொல்லும் மற்றவற்றை எப்படி நம்புவது?

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கூடப்பிறந்தவர் உண்டா என்று கேட்டிருந்தது, அம்மா வயிற்றில் நான் ஒருத்திதான், இல்லை என்று எழுதினேன். அது உண்மை. அண்ணாவைக் கொண்டுபோனார்கள் என்றேன். அதுவும் உண்மை. ஆன்ட்டியும் தமிழ்ப் பெண்தானே, அண்ணா எந்த அண்ணா என்று கேட்க அவருக்கும் தோன்றவில்லை. பெயரோ, எங்களுக்குத் தகப்பன் பெயர்தான் பின்னால் வரும், அவருடைய தகப்பன் வேறு, என்னுடைய தகப்பன் வேறு. ஆன்ட்டியை ஆன்ட்டி என்றதைப் பற்றி என்ன சொல்வது? அந்த பேஸ்மென்டில் எனக்குப் பத்துப் பன்னிரண்டு ஆன்ட்டிகள் இருந்தார்கள். நாங்கள் மூன்று உண்மையைச் சொல்லி இரண்டு பேரும் பொய்க்காரர் ஆகிவிட்டோம்.

பதில் கொடுக்க அவகாசம் இருந்தது. ஆனால் என் மனம் உடைந்துவிட்டது. வசந்தி அக்கா அப்போது கனடாவுக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் பலர் பஃபலோ வரை போய் எல்லையைக் கடந்தார்கள். ‘நீரும் வாரும் ராணி’ என்றார். ‘இவங்கள் தரப்போறேல்லை. வர விருப்பமில்லாட்டி ஒரு வழி சொல்லுறன். அந்த இந்தியா மனுசி பிழையா மொழிபெயர்த்துப் போட்டா, நான் மச்சான் எண்டுதான் சொன்னனான் எண்டு சொல்லும். ஆர் போய்ப் பார்க்கப் போயினம்?’

அக்கா கெட்டவர் அல்ல. தண்ணீரில் தத்தளிக்கிறவளுக்குக் கைக்கு எட்டியதை எறிந்தார். ஆனால் அந்தச் சனிக்கிழமை கூட்டத்தில், நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, எஸ்தர் ஆன்ட்டி எல்லாருக்கும் முன்னால் அழுதுகொண்டு அதையே சொன்னார். ‘தப்பு என்னுதுதான். ப்ரதர்னு சொல்லாம கசின்னு சொல்லியிருக்கணும். என் மேலயே போட்டுடு ராணி. இன்டர்ப்ரிட்டர் தப்பா சொல்லிட்டான்னு எழுதிக் குடு. எனக்கு ஒண்ணும் ஆகாது.’

எனக்கு அது தாங்க முடியவில்லை. ஆன்ட்டி பிழையாக ஒன்றும் சொல்லவில்லையே. என் வாயிலிருந்து வந்ததை அப்படியே சொன்னார். அவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் எந்த நாட்டில் நிம்மதியாக வாழ்வது? அதோடு இன்னொன்றும் இருந்தது. மச்சான் என்றால் எங்களுக்கு மாமாவின் மகன், கட்டிக்கொள்கிற முறை. பெரியம்மாவின் மகனை வாய்தவறியும் அப்படிச் சொல்ல மாட்டோம். அண்ணாவைக் கொண்டுபோனவர்கள், அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். இப்போது நானும் ஓர் அதிகாரிக்கு முன்னால் நின்று, அவர் என் அண்ணா இல்லை என்று சொல்வதா? ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்துவிட்டு வெளியே போய் மனங்கசந்து அழுத சீஷனை நினைத்துக்கொண்டேன்.

அன்று அந்தக் கூட்டத்தில் எனக்காக எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். நான் மட்டும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, வசந்தி அக்கா கட்டி வைத்திருந்த பெட்டிக்குப் பக்கத்தில் என் பெட்டியையும் எடுத்து வைத்தேன். போவதா நிற்பதா என்று நானே முடிவெடுக்கவில்லை. ஆனால் பெட்டியை எடுத்து வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் நன்றாக அடித்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் பழக்கதோஷம், வேதத்தை மடியில் வைத்தேன். நம் கூட்டத்தில் எல்லாரும் அந்த வருடம் முதலிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தோம், நான் மிகவும் பின்தங்கிவிட்டிருந்தேன், வெட்கத்துக்குரியது. மற்றவர்கள் தீர்க்கதரிசிகளைத் தாண்டியிருக்க, நான் இன்னும் முற்பிதாக்களிடமே நின்றேன். ‘ஆண்டவரே, அண்ணாவைத் தாரும் எண்டு கேட்டன். நீர் தரேல்லை. இப்ப அவர் இருந்ததே இல்லை எண்டு எழுதி அனுப்பியிருக்கினம். இதுக்கு என்ன சொல்லுறீர்?’ என்று வாய்விட்டே கேட்டேன். அதுதான் என் ஜெபம். அதில் மரியாதை ஒன்றும் இல்லை.

அன்றைய பகுதியில், விசுவாசிகளின் தகப்பன் என்று நாம் சொல்கிற அந்த முற்பிதாவின் உறவினனை, போரில் பகைவர் பிடித்துக்கொண்டு போகிறார்கள். சின்ன வயது முதல் நூறு தடவை கேட்ட கதை. அவன் இவருக்கு உடன்பிறந்தவனின் மகன், வேதமே முதலில் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பிடிபட்ட செய்தி வந்து சேர்கிற இடத்தில், அவனை சகோதரன் என்கிறது. மகன்முறை என்ற கணக்கு அங்கே இல்லை. தன் சகோதரனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கேட்டதும் அந்த மனிதர் எழுந்து புறப்படுகிறார்.

அந்த வரியை விரலால் தொட்டு மறுபடியும் படித்தேன். என்னைப் பொய்க்காரி என்று ஓர் அரசாங்கம் சொல்லியிருக்கிறது, கர்த்தரோ என்னைப் போலவே பேசுகிறார்! பிறகு அழுதேன். அண்ணாவைக் கொண்டுபோன நாளிலிருந்து அப்படி அழுததில்லை. அழுது முடிந்ததும் பசித்தது. எழுந்து முட்டை பொரித்து, டோஸ்டரில் வாட்டிய பாணோடு சாப்பிட்டேன். பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். வசந்தி அக்கா ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். ‘விசர்தான் உமக்கு’ என்றார். ஆனால் போகிற அன்று தன்னுடைய நல்ல குளிர்கோட்டை எனக்கு விட்டுப் போனார்.

அங்கிள் அன்று மாலையே என்னை லிண்டா வீட்டுக்குக் கொண்டுபோனார். நான் ஒன்றையும் மாற்றிச் சொல்ல மாட்டேன், அவர் என் அண்ணாதான், ஏன் அண்ணா என்பதைச் சொல்ல இன்னொரு தடவை இடம் கேளுங்கள் என்றேன். லிண்டா கண்ணாடியைத் தேடினார், தலைமேல் கண்டுபிடித்தார். பிறகு என்னை அரைமணி நேரம் கேள்வி கேட்டார். அம்மாவின் அக்கா மகன் யார், அம்மாவின் தம்பி மகன் யார், அப்பாவின் அண்ணன் மகள் யார் என்று ஒரு காகிதத்தில் கோடு கோடாக இழுத்தார். கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘உங்கள் குடும்பங்களில் தூரத்து உறவே கிடையாது போல’ என்று சிரித்தார். இன்னொரு நேர்காணல் கேட்பது உன் உரிமை, கேட்டுப் பார்ப்போம் என்றார்.

1988ஆம் ஆண்டு பனி உருகத் தொடங்கிய நாட்களில் கூப்பிட்டார்கள். அதே அதிகாரி. இம்முறை எனக்கு ஒரு பக்கம் லிண்டா, மறுபக்கம் அதே பட்டுச்சேலையில் ஆன்ட்டி. ஆனால் நான் ஆங்கிலத்தில் நானே பேசுகிறேன் என்றேன். என் ஆங்கிலம் டோனட் கடை ஆங்கிலம்தான். இருந்தாலும் இதை இன்னொருவர் வாயால் சொல்ல எனக்கு மனமில்லை.

அவர் உன் அண்ணனா, கசினா என்று கேட்டார். உங்கள் கணக்கில் கசின் என்றேன். என் அம்மாவின் அக்காவுடைய மகன். எங்களுக்கு அவர் அண்ணா, அதற்கு வேறு சொல் எங்களிடம் இல்லை. நான் கல்யாணம் கட்டினால் மாப்பிள்ளையை மணவறைக்குக் கைபிடித்து அழைத்து வரவேண்டியவர் அவர். அவருடைய அம்மா எனக்குப் பெரிய அம்மா. மாமாவின் மகன் என்றால் வேறு, அவரை நான் கட்டிக்கொள்ளலாம்.

அதிகாரிக்குக் குழப்பம். அம்மாவின் சகோதரனுடைய மகனைக் கட்டலாம், சகோதரியுடைய மகன் மட்டும் அண்ணனா என்று திருப்பிக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் கேட்டதை மட்டும்தான் பேசவேண்டும். ஆனால் எஸ்தர் ஆன்ட்டியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. ‘எஸ் சார்! எங்க ஊர்லயும் அப்படித்தான் சார்!’ என்று பாதி தமிழில் எழுந்தே விட்டார். லிண்டா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அதிகாரி மீசைக்குள் சிரித்ததை நான் பார்த்தேன்.

நான் வேதத்தில் படித்ததையும் சொன்னேன். சகோதரனின் மகனைப் பகைவர் கொண்டுபோனபோது அந்த முற்பிதா கேட்ட செய்தி, உன் சகோதரனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்பதுதான், நானும் அதைத்தான் சொன்னேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். ஆன்ட்டியை ஏன் அத்தை என்கிறாய் என்று கேட்டார். என்னைக் காரில் ஏற்றி, சோறு போட்டு, எனக்காக முழங்காலில் நிற்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது என்றேன். அதையும் எழுதினார். பிறகு ஜீப் வந்த காலையை மறுபடியும் சொல்லச் சொன்னார். சைக்கிளை உருட்டிக்கொண்டு போனது வரைக்கும் சொன்னேன்.

முடிந்தது. எல்லாரும் எழுந்தோம். கதவருகில் அவர் என்னைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னார். உங்கள் அண்ணாவுக்கு நடந்ததற்காக வருந்துகிறேன் என்றார். கசின் என்று சொல்லவில்லை. பிரதர் என்றார். தலையை ஆட்டினேன். கார் வரைக்கும் ஆன்ட்டிதான் என்னை அணைத்துக்கொண்டு போனார்.

அந்தக் கோடையில் அடைக்கலம் கிடைத்தது. அங்கிள் அந்தச் சனிக்கிழமை பேஸ்மென்டில் டேப் ரெக்கார்டரை முழுச் சத்தத்தில் போட்டுவிட்டு, தானே அதற்கு மேலே பாடினார். பிறகு எனக்கு வேலை, படிப்பு, கல்யாணம், பிள்ளைகள். மணவறைக்கு மாப்பிள்ளையை அழைத்து வர அண்ணா இல்லை, அந்த இடத்தை நாங்கள் வெறுமையாகவே விட்டோம். முப்பது வருடத்துக்கு மேலாக இப்போது நானும் மற்றவர்களுக்கு மொழிபெயர்க்கப் போகிறேன். முதலில் அவர்களிடம் நான் கேட்பது, அண்ணா என்கிறீர்களே, எந்த அண்ணா என்பதுதான். அவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். காரணத்தைச் சொன்னதும் சிரிப்பார்கள். முடிவுக்காகக் காத்திருக்கிறவர்களே, உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்களுக்குரிய உரிமையைக் கூச்சப்படாமல் கேளுங்கள், உங்கள்மேல் விழுந்த கடமையை ஒளிக்காமல் செய்யுங்கள். உண்மையை விளக்க நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் கர்த்தர் உங்களோடு உட்கார்ந்திருக்கிறார். கோபமாக இருந்தாலும் அவரோடு பேசுங்கள், என் கோபத்துக்கே அவர் பதில் சொன்னவர்.

அடைக்கலம் கிடைத்த கையோடு நடந்ததெல்லாம் ஒரு கசெட்டில் பேசி, கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். கிறிஸ்மஸுக்குப் பெரியம்மாவின் குரலில் பதில் கசெட் வந்தது. இயந்திரத்தோடு பேச அவருக்குக் கூச்சம், முதலில் வெறும் இருமல்தான். பிறகு சொன்னார்: ‘பிள்ளை, நீ கதைச்சதைக் கேட்டம். அந்த ஒரு இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டனான். நாங்கள் போன வாசல் எல்லாத்திலயும் அப்பிடி ஒருத்தன் இல்லை எண்டவங்கள். எங்கேயோ இருக்கிற ஒருத்தன், உன்ர அண்ணாவுக்கு நடந்ததுக்கு வருத்தப்படுறன் எண்டு சொல்லியிருக்கிறான். அவன்ர பேர் என்ன பிள்ளை? எழுதி அனுப்பு. நான் ஜெபத்தில சொல்லோணும்.’

எனக்குப் பெயர் தெரியாது. இரண்டு தடவை எதிரில் உட்கார்ந்தும் பயத்தில் மனதில் வாங்கவில்லை. தெரியாது என்று அடுத்த கசெட்டில் சொன்னேன். பேர் தெரியாவிட்டால் என்ன என்று சொல்லிவிட்டாராம். அதன் பிறகு பெரியம்மா கண்மூடும் வரைக்கும், காலை ஜெபத்தில் சீலனைச் சொல்லி, அதே மூச்சில், ‘அந்த வெள்ளைக்காரப் பிள்ளையையும் காத்தருளும்’ என்று சொல்லுவார் என்று அம்மா எனக்கு எழுதினார்.

அண்ணா திரும்பி வரவில்லை. அதற்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை, கிடைத்தது போல நடிக்கவும் மாட்டேன். பெரியம்மா போன பிறகு அந்த ஜெபம் என் பொறுப்பாயிற்று. காலையில் தேநீருக்கு முன்னால் இரண்டு பேரையும் சொல்கிறேன், ஒருவரைப் பெயரோடு, மற்றவரைப் பெயரில்லாமல். இதைப் படித்த நீங்களும் நாளைக் காலை என்னோடு சேர்ந்து ஒரு தடவை சொல்லுங்கள்.